புரோகிராமுக்கு எத்தனை கோர்? எண்ணிக்கை பிசகினால் எங்கே பார்ப்பது

ஓசூரில் மெஷின்களுக்கு நிரல் எழுதும் கேம் (சிஏஎம்) சாஃப்ட்வேர் ஓடும் டூல் ரூம், தர்மபுரியில் கல்யாண வீடியோ ரெண்டர் செய்யும் ஸ்டுடியோ, பைத்தான் பழகும் பாலிடெக்னிக் லேப் என்று எங்கே போனாலும் புகார் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். "பன்னிரண்டுன்னு சொல்லி வாங்கினோம், நாலுதான் ஓடுது" என்பது ஒன்று. "ரெண்டுதான் ஒதுக்கினோம், புரோகிராம் பதினாறு இருக்குன்னு நெனச்சுக்கிட்டுத் திணறுது" என்பது மற்றொன்று.

கணினிக்குள் எத்தனை கோர் (பிராசஸருக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதி) இருக்கிறது என்பது ஒரு கேள்வி. அதில் இந்தப் புரோகிராமுக்கு எத்தனை கிடைக்கும் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான விடையை இரண்டாவதற்குப் போட்டுக்கொள்வதால்தான் முக்கால்வாசிக் கோளாறு வருகிறது. ஆகவே எதையும் கழற்றும் முன்னால் மூன்று எண்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

கட்டளைகளைப் போனில் சொல்வது போலத் தமிழில் எழுதியிருக்கிறோம். அடிக்கும்போது ஆங்கிலத்தில், லினக்ஸ் என்றால் சிறிய எழுத்து பெரிய எழுத்து பார்த்து அடியுங்கள்.

முதலில் எழுத வேண்டிய மூன்று எண்

ஒன்று, சிப் தயாரிப்பாளர் சொல்லும் எண். பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கரை நம்பாமல் மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள். கோர் எத்தனை, த்ரெட் (கோர் ஒரே நேரத்தில் ஏற்கும் வேலை வரிசை) எத்தனை என இரண்டையும் எழுதுங்கள். ஐ5-12400 என்றால் 6 கோர், 12 த்ரெட். ஐ7-9700 என்றால் 8 கோர், 8 த்ரெட்தான். "ஐ7 என்றால் இரட்டிப்பு" என்று கணக்குப் போட்டால் இங்கேயே தவறும். ஐ5-12450எச் லேப்டாப்பில் 4 பெரிய கோர், 4 சிறிய கோர். பெரியதற்கு மட்டும் இரண்டிரண்டு த்ரெட், சிறியதற்கு ஒவ்வொன்று, ஆக 12. கோர் அல்ட்ரா 7 265கே-யில் 20 கோருக்கு 20 த்ரெட். கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கும் வரி உங்கள் புரோகிராமில் எங்காவது இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

இரண்டு, இயங்குதளம் காட்டும் எண். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபாமன்ஸ் பகுதியில் சிபியு-வைத் தொட்டால் கீழே சாக்கெட் (போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்), கோர், லாஜிக்கல் பிராசஸர் (த்ரெட் எண்ணிக்கைதான் இது) என்று மூன்று வரி இருக்கும். லினக்ஸில் 'எல்எஸ்சிபியு' என்று அடித்தால் எல்லாம் வரும்.

மூன்று, புரோகிராம் தானே எண்ணிச் சொல்லும் எண். லாகில் இருந்தால் எடுங்கள். இல்லையென்றால் தொடக்கத்தில் ஒரே ஒரு பிரிண்ட் வரி சேர்த்து ஓட்டிப் பாருங்கள்.

முதலாவதும் இரண்டாவதும் ஒத்துப்போகவில்லை என்றால் அறிகுறி 1-க்குப் போங்கள். முதல் இரண்டும் ஒத்துப்போய் மூன்றாவது குறைந்தால் அறிகுறி 2. மூன்றாவது அதிகம் என்றால் அறிகுறி 3. மூன்றும் ஒன்றாக இருந்தும் வேலை நகரவில்லை என்றால் நேரே அறிகுறி 7.

அறிகுறி 1: சிப்பில் இருப்பதைவிட விண்டோஸே குறைவாகக் காட்டுகிறது

செலவில்லாத காரணம்: எம்எஸ்கான்ஃபிக்கில் யாரோ டிக் போட்டிருப்பார்கள். விண்டோஸ் விசையும் ஆர் விசையும் அழுத்தி 'எம்எஸ்கான்ஃபிக்' என்று அடித்து, பூட் தாவலில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் திறங்கள். "நம்பர் ஆஃப் பிராசஸர்ஸ்" பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். அங்கே பெரிய எண்ணைத் தேர்ந்தெடுத்தால் கணினி வேகமாகும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். அது உண்மையில்லை. டிக் இல்லாதபோது விண்டோஸ் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். டிக் போட்டால் குறைக்க மட்டுமே முடியும். 4 கோர் இருந்த காலத்தில் 4 என்று டிக் போட்ட வட்டை, பிறகு 12 த்ரெட் உள்ள புதிய போர்டுக்கு மாற்றினால் 4 அப்படியே நிற்கும்.

அடுத்தது பயாஸ், அதாவது விண்டோஸ் எழுவதற்கு முன்னால் வரும் அமைப்புத் திரை. சரியாகப் பாதி எண்ணிக்கை காட்டினால், அதாவது 12-க்கு 6, 8-க்கு 4 என்றால், ஹைப்பர்த்ரெடிங் (ஒரு கோரை இரண்டு த்ரெட்டாக ஓட்டும் வசதி) அணைந்திருக்கிறது. ஏஎம்டி போர்டுகளில் எஸ்எம்டி என்று இருக்கும். பாதியாக இல்லாமல் 6-க்கு 4 என்பது போலக் கோரே குறைந்திருந்தால் "ஆக்டிவ் பிராசஸர் கோர்ஸ்" என்ற வரியைப் பாருங்கள். அது 'ஆல்' என்று இருக்க வேண்டும்.

லினக்ஸில் இதே அறிகுறிக்கு பூட் வரிதான் முதல் சந்தேகம். 'கேட்', இடைவெளி, பிராக் அடைவின் 'சிஎம்டிலைன்' கோப்பு என்று அடித்துப் பாருங்கள். மேக்ஸ்சிபியுஸ், என்ஆர்_சிபியுஸ், நோஎஸ்எம்டி என்ற சொற்களில் எது இருந்தாலும் அதுதான் காரணம். நோஎஸ்எம்டி பெரும்பாலும் 2018-இல் வெளியான பிராசஸர் பாதுகாப்பு ஓட்டைகளுக்குப் பிறகு யாரோ வேண்டுமென்றே போட்டதாக இருக்கும். போட்டவரைக் கேட்காமல் எடுக்காதீர்கள்.

இரண்டு சாக்கெட் உள்ள பழைய சர்வரையோ ஒர்க்ஸ்டேஷனையோ வாங்கி விண்டோஸ் ஹோம் ஏற்றினால் ஒரு சாக்கெட்தான் தெரியும். ஹோமுக்கு 1 சாக்கெட், புரோவுக்கு 2 சாக்கெட் வரைதான் அனுமதி. செலவு லைசென்சுக்குத்தான், வன்பொருளில் குறையில்லை.

பயாஸ் திரையிலேயே மாடல் சரியாக வந்து கோர் எண்ணிக்கை மட்டும் குறைவாக வந்தால், அமைப்பும் 'ஆல்' என்று இருந்தால், அதற்குமேல் கை வைக்க வேண்டாம். கடைசிப் பகுதியைப் படியுங்கள்.

அறிகுறி 2: டாஸ்க் மேனேஜரில் 12 இருக்கிறது, புரோகிராம் குறைவாகப் பயன்படுத்துகிறது

முதலில் சதவீதத்தைப் பாருங்கள். வேலை ஓடும்போது மொத்த சிபியு 12 த்ரெட் கணினியில் 8 சதவீதத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தால், 100-ஐ 12-ஆல் வகுத்தால் வரும் 8.3 அது. 8 த்ரெட்டில் 12.5, 16 த்ரெட்டில் 6.25. இந்த எண்ணில் நின்றால் புரோகிராம் ஒற்றை த்ரெட்டில் ஓடுகிறது என்று பொருள். எண்ணுவதில் பிழையே இல்லை, அந்த வேலை அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆட்டோகேட் பெரும்பாலும் இப்படித்தான். இதற்கு அதிகக் கோர் வாங்குவது வீண் செலவு. ஒற்றைக் கோர் வேகம் கூடிய சிப்தான் உதவும்.

சதவீதம் 33, 50, 66 என்று வேறு எங்காவது நின்றால் அஃபினிட்டியை, அதாவது எந்தெந்தக் கோரில் ஓடலாம் என்ற கட்டுப்பாட்டை, சந்தேகிக்கலாம். டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் தாவலுக்குப் போய், புரோகிராமின் மேல் வலது கிளிக் செய்து "செட் அஃபினிட்டி" திறங்கள். சில கட்டங்கள் காலியாக இருந்தால் எல்லாவற்றிலும் டிக் போடுங்கள். புரோகிராமை மூடித் திறந்ததும் மறுபடி காலியானால், ஷார்ட்கட்டோ பேட்ச் கோப்போ அதைச் செய்கிறது. பேட்ச் கோப்பில் 'ஸ்டார்ட்' கட்டளையோடு 'அஃபினிட்டி' இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த இடத்தில் எல்லோரும் வழுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். அஃபினிட்டிக்குப் பின்னால் போடும் எண், எத்தனை கோர் வேண்டும் என்பதன் எண் அல்ல. எந்தெந்தக் கோர் என்று காட்டும் ஹெக்ஸ் முகமூடி அது. 4 கோர் வேண்டும் என்று 4 போட்டால், 4 என்பது இரும எண்ணில் 100. வலமிருந்து எண்ணினால் மூன்றாவது இடத்தில் மட்டும் 1 இருக்கிறது. ஆக மூன்றாவது லாஜிக்கல் பிராசஸர் ஒன்றே ஒன்றுதான் கிடைக்கும். நான்கு வேண்டுமென்றால் எஃப் போட வேண்டும், ஹெக்ஸில் எஃப் என்பது இரும எண்ணில் 1111. எட்டுக்கு இரண்டு எஃப், பன்னிரண்டுக்கு மூன்று எஃப். லினக்ஸில் 'டாஸ்க்செட்' கட்டளையை மைனஸ் சி இல்லாமல் அடித்தாலும் இதே கதைதான். மைனஸ் சி போட்டால் 0-3 என்று சாதாரணமாக எழுதலாம், எப்போதும் அப்படியே எழுதுங்கள்.

தாய்ப் புரோகிராமுக்குக் கட்டிய அஃபினிட்டி பிள்ளைப் புரோகிராமுக்கும் இறங்கும். லாஞ்சர் 2 கோரில் கட்டப்பட்டிருந்தால் அது திறக்கும் எல்லாமே 2 கோரில்தான் ஓடும். லினக்ஸில் பிராக் அடைவுக்குள் அந்தப் புரோகிராமின் எண் உள்ள அடைவில் 'ஸ்டேட்டஸ்' கோப்பைத் திறந்து "சிபியுஸ் அலவ்டு லிஸ்ட்" வரியைப் பாருங்கள். 0-1 என்று இருந்தால் இரண்டு. முழுக் கணினியும் 0-11 என்று இருக்கும்போது இது 0-1 என்றால், யார் கட்டினார்கள் என்று தாய்ப் புரோகிராம் வழியாக மேலே ஏறிப் பாருங்கள்.

பைத்தானில் பழைய ஓப்பன்பிளாஸோடு கட்டிய நம்பை (இரண்டும் கணக்கீட்டு நூலகங்கள்) இருந்தால், இம்போர்ட் செய்த உடனேயே முழு புரோகிராமையும் ஒரே கோரில் கட்டிவிடுவது உண்டு. இம்போர்ட் வரிக்கு முன்னும் பின்னும் மேலே சொன்ன வரியைப் படித்தால் தெரிந்துவிடும். நம்பையைப் புதுப்பித்தால் சரியாகும்.

லினக்ஸில் 'என்பிராக்' கட்டளை குறைவாகச் சொல்லி, 'என்பிராக்' உடன் இரட்டை மைனஸ் 'ஆல்' போட்டால் முழுசாகச் சொன்னால், ஒன்று அஃபினிட்டி, இல்லையேல் 'ஓஎம்பி_நம்_த்ரெட்ஸ்' என்ற சூழல் மாறி (புரோகிராமுக்கு வெளியிலிருந்து பெயரிட்டுக் கொடுக்கும் மதிப்பு). அதையும் என்பிராக் மதிக்கும். யாரோ .பேஷ்ஆர்சி கோப்பில் 4 என்று எழுதிவைத்து மறந்திருப்பார்கள்.

விண்டோஸில் 'நம்பர்_ஆஃப்_பிராசஸர்ஸ்' சூழல் மாறியைப் படித்து எண்ணும் புரோகிராம்கள் உண்டு. அது வெறும் எழுத்து. யார் வேண்டுமானாலும் மாற்றலாம், அஃபினிட்டியும் அதற்குத் தெரியாது. பவர்ஷெல்லில் 'கெட்-சிம்இன்ஸ்டன்ஸ் வின்32_பிராசஸர்' வழியாக எண்ணினால் ஒரு சாக்கெட்டுக்கு ஒரு வரிசை வரும். முதல் வரிசையை மட்டும் படிக்கும் ஸ்கிரிப்ட், இரண்டு சாக்கெட் கணினியில் பாதிதான் சொல்லும். எல்லா வரிசையையும் கூட்டுங்கள். பழைய ஸ்கிரிப்டுகளில் இருக்கும் 'டபிள்யூமிக்' விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் இயல்பாக வருவதில்லை. ஸ்கிரிப்ட் வெறுமையாகத் திரும்பி, "எதுவும் வரவில்லையென்றால் 1" என்று எழுதிய வரிக்குப் போய்விடும்.

லைசென்ஸ் தடையும் இந்த அறிகுறிக்குள் வரும். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் சீசன் நேரத்தில் எடைமேடையும் பில்லிங்கும் ஒரே சர்வரில் நெரியும். பின்னால் எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் என்ற இலவச டேட்டாபேஸ் இருந்தால், அது 1 சாக்கெட் அல்லது 4 கோர், இரண்டில் எது குறைவோ அதைத்தான் எடுக்கும். 16 கோர் சர்வர் வாங்கினாலும் 4-க்கு மேல் போகாது. அதே சர்வர் விர்ச்சுவல் மெஷினாக (கணினிக்குள் சாஃப்ட்வேரால் ஓடும் இன்னொரு கணினியாக) இருந்தால் அறிகுறி 5-ஐயும் சேர்த்துப் படியுங்கள், அங்கே இன்னும் குறையும்.

64 லாஜிக்கல் பிராசஸருக்கு மேல் இருக்கும் பெரிய கணினிகளில் மட்டும் வரும் ஒன்று: விண்டோஸ் அவற்றை 64-க்கு மிகாத குழுக்களாகப் பிரிக்கும். பழைய புரோகிராம்கள் தன் குழுவை மட்டுமே எண்ணும். விண்டோஸ் 11-இலும் சர்வர் 2022-இலும் புரோகிராம் எல்லாக் குழுக்களிலும் பரவ முடியும் என்றாலும், எண்ணிக்கையைப் பழைய அழைப்பால் கேட்டால் பழைய விடைதான். இதே கணினியில் பைத்தானின் பிராசஸ்பூல்எக்ஸிக்யூட்டருக்கு 61-க்கு மேல் வேலையாள் கேட்டால் பிழை தரும். அது விண்டோஸின் வரம்பு.

அறிகுறி 3: புரோகிராம் இருப்பதைவிட அதிகமாக எண்ணுகிறது

கண்டெய்னரில், அதாவது டாக்கர் போன்றவை புரோகிராமைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டியில், ஓடும் புரோகிராம்களின் நோய் இது. டாக்கரில் ஒதுக்கீடு இரண்டு வகை, இரண்டும் எண்ணிக்கையை வெவ்வேறு விதமாகப் பாதிக்கும்.

'சிபியுசெட்-சிபியுஸ்' 0-1 என்று கொடுத்தால் குறிப்பிட்ட இரண்டு பிராசஸர்களைக் கட்டிக் கொடுப்பது. உள்ளே என்பிராக் அடித்தால் 2 என்றே சொல்லும். 'சிபியுஸ்' 2 என்று கொடுத்தால் கட்டுவது இல்லை, நேரத்தை அளந்து கொடுப்பது, இதுதான் கோட்டா. 16 பிராசஸர் கணினியென்றால் உள்ளே இருந்து பார்த்தால் 16-உம் தெரியும், ஆனால் இரண்டுக்கான நேரம்தான் கிடைக்கும். பெரும்பாலான கணினிகளில் இருக்கும் என்பிராக் பதிப்புக்கு இந்த நேர அளவு தெரியாது, பிராக் அடைவின் சிபியுஇன்ஃபோ கோப்புக்கும் தெரியாது.

சோதனை: கண்டெய்னருக்குள் சிஸ், எஃப்எஸ், சிகுரூப் என்று அடைவுக்குள் போய் 'சிபியு.மேக்ஸ்' கோப்பைப் படியுங்கள். இரண்டு எண்கள் இருக்கும். 200000 100000 என்றால் முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 2, அதுதான் உங்கள் பங்கு. முதலாவது இடத்தில் 'மேக்ஸ்' என்று எழுத்தாக இருந்தால் தடை இல்லை. அந்தக் கோப்பே இல்லையென்றால் சிகுரூப்பின் (லினக்ஸ் இந்த ஒதுக்கீட்டைச் செய்யும் அமைப்பின்) முதல் பதிப்பாக இருக்கும். அங்கே 'சிபியு.சிஎஃப்எஸ்_கோட்டா_யுஎஸ்', 'சிபியு.சிஎஃப்எஸ்_பீரியட்_யுஎஸ்' என இரண்டு கோப்புகள் தனித்தனியே இருக்கும். கோட்டாவில் -1 இருந்தால் தடை இல்லை. அந்த -1-ஐ அப்படியே வகுத்து, பூஜ்யத்துக்குக் கீழே விடை வந்து, விழுந்து நிற்கும் புரோகிராம்களும் உண்டு.

அதிகமாக எண்ணினால் என்ன கெட்டுப்போகும்? 16 பிராசஸர் சர்வரில் 2 பிராசஸர் நேரம் ஒதுக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு 100 மில்லிசெகண்டுக்கும் 200 மில்லிசெகண்ட் வேலை நேரம் கிடைக்கும். புரோகிராம் 16 என்று எண்ணி 16 த்ரெட் திறந்தால், பதினாறும் ஒரே நேரத்தில் ஓடி 12.5 மில்லிசெகண்டில் 200-ஐயும் தின்றுவிடும். மீதி 87.5 மில்லிசெகண்ட் முழுவதும் எல்லாம் அப்படியே உறைந்து நிற்கும். அடுத்த 100-இல் மறுபடி அதே. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு சிபியு பயன்பாடு சாதாரணமாகத்தான் தெரியும், ஆனால் ஒவ்வொரு கிளிக்கும் விக்கி விக்கி வரும். 2 த்ரெட் மட்டும் திறந்திருந்தால் இந்த உறைவே இல்லை.

இதை உறுதிசெய்ய அதே அடைவில் 'சிபியு.ஸ்டாட்' கோப்பைப் பத்து விநாடி இடைவெளியில் இருமுறை படியுங்கள். 'என்ஆர்_த்ராட்டில்ட்' எண் ஏறிக்கொண்டே போனால் நோய் உறுதி.

சரிசெய்வது மொழியைப் பொறுத்தது. சிகுரூப்பின் முதல் பதிப்பில் என்றால் ஜாவா 10 முதல் கோட்டாவைத் தானே பார்க்கும், ஜாவா 8-இல் 191-ஆம் அப்டேட் முதல்; சிகுரூப்பின் இரண்டாம் பதிப்பில் என்றால் ஜாவா 15 முதல், ஜாவா 8-இல் 372-ஆம் அப்டேட் முதல். அதற்கு முந்தையது என்றால் புதுப்பியுங்கள். முடியாவிட்டால், ஜாவா 10 அல்லது ஜாவா 8-இன் 191-ஆம் அப்டேட் முதல் இருக்கும் 'ஆக்டிவ்பிராசஸர்கவுன்ட்' என்ற இரட்டை எக்ஸ் ஆப்ஷனில் எண்ணைக் கையால் கொடுங்கள். கோ மொழியில் 1.25 பதிப்பு முதல் தானே பார்க்கும், அதற்கு முன் 'கோமேக்ஸ்பிராக்ஸ்' சூழல் மாறியில் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பைத்தான்தான் நம் பக்கத்து மாணவர்களும் சிறு நிறுவனங்களும் அதிகம் தொடுவது, அதனால் தனியாகச் சொல்கிறோம். 'ஓஎஸ்.சிபியு_கவுன்ட்' கணினியில் இருக்கும் மொத்தத்தைச் சொல்லும். அஃபினிட்டியையும் பார்க்காது, கோட்டாவையும் பார்க்காது. 'மல்டிபிராசஸிங்.சிபியு_கவுன்ட்' என்பதும் அதேதான், வேறு விடை வரும் என்று மாற்றிப் போட்டுப் பயனில்லை. லினக்ஸில் 'ஓஎஸ்.ஷெட்_கெட்அஃபினிட்டி' அழைப்புக்குப் பூஜ்யம் கொடுத்து, வரும் தொகுப்பின் நீளத்தை எடுத்தால் அஃபினிட்டி கணக்கில் வரும். விண்டோஸிலும் மேக்கிலும் அந்த அழைப்பே இல்லை. 3.13 பதிப்பு முதல் 'ஓஎஸ்.பிராசஸ்_சிபியு_கவுன்ட்' வந்திருக்கிறது, அது அஃபினிட்டியைப் பார்க்கும், கோட்டாவை அதுவும் பார்க்காது. கண்டெய்னரில் ஓட்டுவதாக இருந்தால் 'பைத்தான்_சிபியு_கவுன்ட்' சூழல் மாறியை 3.13-இல் கொடுக்கலாம். பழைய பதிப்பென்றால் சிபியு.மேக்ஸ் கோப்பை நான்கு வரியில் நீங்களே படித்து, அஃபினிட்டி எண்ணோடு ஒப்பிட்டு, சிறியதை எடுங்கள்.

வகுத்தால் 1.5 வந்தால்? வெப் சர்வர் போல நடுநடுவே காத்திருக்கும் வேலைக்கு 2 என்று ஏற்றுங்கள். ரெண்டர், கணக்கீடு போல இடைவிடாத வேலைக்கு 1 போதும். 0.5 வந்தால் 1. பூஜ்யம் மட்டும் வந்துவிடக் கூடாது.

அறிகுறி 4: டெர்மினலில் ஓட்டினால் 8, சர்வீஸாக ஓட்டினால் குறைவு

லினக்ஸில் சர்வீஸ் (பின்னணியில் தானே ஓடும் புரோகிராம்) கோப்பில் ஒதுக்கீடு இருக்கும். 'சிஸ்டம்சிடிஎல் கேட்' என்று அடித்து சர்வீஸ் பெயரைக் கொடுங்கள். சிபியுஅஃபினிட்டி, அலவ்டுசிபியுஸ் என்று இருந்தால் எண்ணிக்கையே குறையும். சிபியுகோட்டா 200 சதவீதம் என்று இருந்தால் எண்ணிக்கை 8 என்றே வரும், வேகம் இரண்டுக்கானதுதான். இங்கே 100 சதவீதம் என்பது ஒரு பிராசஸர், முழுக் கணினி அல்ல. "100 கொடுத்தோமே, முழுசும் கிடைக்கணுமே" என்று நினைப்பது இதனால்தான்.

சர்வீஸ் கோப்பு சுத்தமாக இருந்தும் வேகம் குறைந்தால், அது உட்கார்ந்திருக்கும் மேல் அடுக்கின் சிபியு.மேக்ஸைப் பாருங்கள். மேலே உள்ள தடை கீழே உள்ள எல்லோருக்கும் பொருந்தும். மாற்றியபின் 'டீமன்-ரீலோட்', பிறகு சர்வீஸ் ரீஸ்டார்ட்.

அறிகுறி 5: விர்ச்சுவல் மெஷினில் 8 கொடுத்தும் 2 தெரிகிறது, அல்லது 1-க்கு மேல் கொடுக்கவே முடியவில்லை

8 கொடுத்தும் 2 தெரிந்தால் சாக்கெட் கணக்கு. அமைப்பில் 8 சாக்கெட், ஒவ்வொன்றிலும் 1 கோர் என்று கொடுத்திருப்பீர்கள். உள்ளே விண்டோஸ் புரோ இருந்தால் 2 சாக்கெட்டுக்கு மேல் தொடாது, ஹோம் என்றால் 1. எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் இருந்தால் 1 சாக்கெட் எடுக்கும், அந்தச் சாக்கெட்டில் இருப்பதே 1 கோர் என்பதால் முழு டேட்டாபேஸும் ஒரே கோரில் ஓடும். மெஷினை அணைத்து, 1 சாக்கெட், 8 கோர் என்று மாற்றி எழுப்புங்கள். பத்து நிமிட வேலை, காசு செலவு இல்லை. பல இடங்களில் சர்வரையே மாற்றத் தயாராக இருந்த மந்தம் இதில் தீர்கிறது.

1-க்கு மேல் கொடுக்க முடியவில்லை என்றால் பயாஸில் விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கிறது. டாஸ்க் மேனேஜரின் சிபியு பக்கத்திலேயே "விர்ச்சுவலைசேஷன்: எனேபிள்டு" என்று இருக்கிறதா பாருங்கள். பழைய விர்ச்சுவல்பாக்ஸ் 1 கோரோடு நிறுத்திக்கொள்ளும், 6.1 முதல் அந்த வசதி இல்லாமல் ஓடவே ஓடாது.

நேற்றுவரை ஓடியது இன்று ஓடவில்லை, கூடவே கணினியின் தேதியும் பின்னால் போயிருக்கிறது என்றால் பயாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது. மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போல வட்டமாக இருக்கும் சிஆர்2032 அது. மின்வெட்டில் யுபிஎஸ்ஸும் இறங்கி மெயின் முழுதாகப் போனதும் பயாஸ் தன் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பல போர்டுகளில் அந்தப் பழைய நிலையில் விர்ச்சுவலைசேஷன் அணைந்தே இருக்கும். மல்டிமீட்டரில் 3 வோல்ட் வர வேண்டும், 2.7-க்குக் கீழே வந்தால் மாற்றுங்கள். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டுத்தான் தொட வேண்டும். எழுத்துள்ள பக்கம் மேலே பார்க்க வேண்டும். மாற்றியதும் பயாஸில் நேரத்தையும் விர்ச்சுவலைசேஷனையும் மீண்டும் வைத்து, சேமித்து வெளியே வாருங்கள்.

அறிகுறி 6: ஒவ்வொரு தடவையும் வேறு எண் வருகிறது

பழைய ஆண்ட்ராய்டு போன்களில் இது சகஜம். வேலை இல்லாதபோது போன் கோர்களை அணைத்துவைக்கும். "இப்போது விழித்திருப்பவை எத்தனை" என்று கேட்டால் ஒருமுறை 2, ஒருமுறை 4 என்று வரும். சிஸ், டிவைசஸ், சிஸ்டம், சிபியு அடைவுக்குள் 'ஆன்லைன்', 'ப்ரெசன்ட்', 'பாஸிபிள்' என மூன்று கோப்புகள் இருக்கும். போனுக்கு ப்ரெசன்டைப் படியுங்கள். பாஸிபிளைப் படிக்க வேண்டாம், விர்ச்சுவல் மெஷின்களில் அது பிற்காலத்தில் சேர்க்கக்கூடிய இடங்களையும் சேர்த்துப் பெரிய எண்ணாகச் சொல்லும். கோப்பில் 0-7 என்று இருந்தால் எட்டு, ஏழு அல்ல. 0-2,4-7 என்று நடுவில் துண்டு விழுந்தும் வரும், கடைசி எண்ணோடு ஒன்று கூட்டும் குறுக்குவழி அங்கே தவறாகும்.

சர்வரில் இப்படி வந்தால், யாரோ கோரை ஆஃப்லைன் செய்திருக்கிறார்கள். அந்தக் கோரின் அடைவில் உள்ள 'ஆன்லைன்' கோப்பில் ரூட்டாக 1 எழுதினால் திரும்பும். எழுதும்போது பிழை வந்தாலோ, திரும்பிய சில மணியில் மறுபடி போனாலோ வன்பொருள்.

விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரில் "பார்க்டு" என்று தெரிவது கோளாறு அல்ல. மின்சாரம் சேமிக்க ஓய்வில் விட்ட கோர் அது, எண்ணிக்கை மாறாது.

அறிகுறி 7: எண்ணிக்கை சரி, எல்லாவற்றையும் கொடுத்தால் இன்னும் மெதுவாகிறது

இரட்டை எண்ணிக்கைதான் முதல் காரணம். 8 பிராசஸ் திறக்கிறீர்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் நம்பை தானாக 8 த்ரெட் திறக்கிறது. 8 பேர் உட்காரும் இடத்தில் 64 பேர். வெளியே 8 பிராசஸ் வைத்தால் உள்ளே ஓஎம்பி_நம்_த்ரெட்ஸ், ஓப்பன்பிளாஸ்_நம்_த்ரெட்ஸ், எம்கேஎல்_நம்_த்ரெட்ஸ் மூன்றையும் 1 என்று வையுங்கள். நம்பையை இம்போர்ட் செய்வதற்கு முன்னால் வைக்க வேண்டும், பின்னால் வைத்தால் காது கொடுக்காது.

அடுத்தது ரேம். 16 த்ரெட், 8 ஜிபி ரேம் உள்ள கணினியில் பெரிய சி++ திட்டத்தை 16 வேலையாகக் கம்பைல் செய்தால், ஒவ்வொன்றும் 1 ஜிபி கேட்டால்கூட ரேம் போதாமல் வட்டுக்கு ஓடும், மவுஸே நகராது. காலியான ரேமை ஒரு வேலைக்குத் தேவையான ரேமால் வகுத்து, அதையும் த்ரெட் எண்ணையும் ஒப்பிட்டுச் சிறியதை வையுங்கள். வீடியோ ஸ்டுடியோக்களில் ஒரே நேரத்தில் இரண்டு ரெண்டர் போட்டு இதில் மாட்டுகிறார்கள். ஒன்று முடிந்தபின் ஒன்று போட்டால் இரண்டும் சீக்கிரம் முடியும்.

மூன்றாவது சூடு. சூடானால் கோர் எண்ணிக்கை குறையாது, வேகம்தான் குறையும். டாஸ்க் மேனேஜரில் "ஸ்பீடு" எண்ணைப் பாருங்கள். ஐ5-12400-இன் அடிப்படை வேகம் 2.5 ஜிகாஹெர்ட்ஸ். முழு வேலையில் அதற்கும் வெகுவாகக் கீழே 1-ஐ ஒட்டி விழுந்தால் குளிர்விப்பு போதவில்லை. கிருஷ்ணகிரி கிரானைட் பாலிஷ் யூனிட்டுகளின் அலுவலகக் கணினிகளில் ஹீட்சிங்க் துடுப்புகளுக்கு இடையே கல் தூள் சிமென்ட் போலப் படிந்திருக்கும். ஊதுகுழாயில் அடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிட்டால் பேரிங் கெடும். தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருந்தால் பழையதை முழுக்கத் துடைத்துவிட்டு, நடுவில் பட்டாணி அளவு வைத்தால் போதும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்

இரண்டு சாக்கெட் சர்வரில் ஒரு சாக்கெட் முழுக்கக் காணாமல் போனால் ரேமையும் பாருங்கள். கோரும் பாதி, ரேமும் பாதி என்றால் இரண்டாவது பிராசஸரே எழவில்லை. ஒவ்வொரு சாக்கெட்டும் தன் பக்கத்து ரேமைத் தானே பிடித்திருப்பதால் இரண்டும் சேர்ந்தே போகும். கோர் மட்டும் பாதி, ரேம் முழுசு என்றால் அது விண்டோஸ் லைசென்ஸோ பயாஸ் அமைப்போதான், ஆளைக் கூப்பிடாதீர்கள்.

பிராசஸர் எழாததற்கு மலிவான காரணம், போர்டின் மேல் மூலையில் இரண்டாவது 8 பின் பவர் கேபிள் சரியாக மாட்டாதது. வண்டியில் ஏற்றி இறக்கியபின் வந்த கோளாறு என்றால் முதலில் அதுதான். அணைத்து, கேபிளைப் பிடுங்கி மீண்டும் அழுத்தி மாட்டிப் பாருங்கள், கிளிக் சத்தம் கேட்க வேண்டும். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாக்கெட்டைத் திறந்து பிராசஸரைத் தூக்க வேண்டாம். இன்டெல் சாக்கெட்டுகளில் முடி போன்ற பின்கள் போர்டில்தான் இருக்கின்றன, ஒன்று வளைந்தாலும் மொத்த போர்டுக்கும் செலவு வரும்.

ஈவன்ட் வியூவரில் டபிள்யூஹெச்இஏ-லாகர் என்ற பெயரில் 18 அல்லது 19 என்ற எண்ணோடு பதிவுகள் குவிந்தாலும், லினக்ஸ் டிமெசேஜில் "மெஷின் செக்" வரிகள் வந்தாலும், சில கோர்களைப் பயாஸில் அணைத்தால் மட்டும் கணினி நிற்காமல் ஓடினாலும் பிராசஸரோ போர்டோ கெட்டுக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் சாஃப்ட்வேரை மாற்றி மாற்றி நாளைக் கடத்தாதீர்கள், அன்றே டேட்டாவை வெளி வட்டுக்கு எடுத்துவிடுங்கள்.

ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூருவின் கணினிக் கடைத்தெருவான எஸ்.பி. ரோடு ஒரு மணி நேரப் பாடு. தர்மபுரிக்காரர்கள் சேலத்துக்கும் போகிறார்கள். எங்கே கொடுத்தாலும் கொடுப்பதற்கு முன் பயாஸின் முதல் பக்கத்தையும் எல்எஸ்சிபியு அல்லது டாஸ்க் மேனேஜர் பக்கத்தையும் போட்டோ எடுத்துவையுங்கள். பிராசஸரின் மாடல் எண்ணையும் ரேமின் மொத்த அளவையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் அங்கேயே கணினியை எழுப்பி, அதே இரண்டு திரைகளையும் போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.